கிற்றாரைக் கொஞ்சம் கேக்க விடுங்கோ

பூங்காவனத் திருவிழா இரவு. எங்கட ஊர்க் கோயில் வீதியில் மேடை போட்டு ஒரு இசைக்குழு வந்திருந்தது. ஓர்கன், ஒக்டபாட், ட்ரம்ஸ், தபேலா, இரண்டு பாடகர்கள், ஒரு கிற்றார். கிற்றார் வாசித்தவர் எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர். இரண்டரை மணித்தியாலம் மேடைக்குப் பக்கத்தில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மாறுது, கை ஓடுது, தலை ஆடுது. சத்தம் மட்டும் வரேல்ல. ஒரேயொரு பாட்டின் இடையிசையில் சவுண்ட்காரர் அவரைக் கூட்டிவிட்டார். அப்போது வந்ததும் கிற்றார் இல்லை. எக்கோவுக்குள் ஒரு தகரத்தைப் போட்டு இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. எல்லாம் முடிய ஆக்கள் வந்து “அண்ணை, கலக்கிட்டீங்கள்” எண்டு கை குடுத்தினம். நானும் குடுத்தேன். அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: “என்னத்தைக் கலக்கினன்? எனக்கே கேக்கேல்ல.”

அந்த வசனம் பல நாளாக மண்டைக்குள் நிற்கிறது. வன்னியில் நான் பார்த்த மேடைகளில் எலெக்ட்ரிக் கிற்றாருக்கு இரண்டே வேலைதான். ஒன்று, மேடைக்கு வடிவாகத் தோளில் தொங்குவது. மற்றது, டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்து ஒரு நிமிடம் கத்துவது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. கரகரப்பு இல்லாத, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிற, பளிச்சென்ற சத்தம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. அந்தச் சத்தத்துக்கு லட்சக்கணக்கில் காசு தேவை எண்டு எங்கட பெடியள் நம்புகிறார்கள். அது பிழை. எங்களிடம் அது இல்லாமல் போனதற்குக் காரணம் காசு இல்லை, மேடையில் ஒருவரை ஒருவர் கேட்கிற பழக்கம் இல்லாமல் போனதுதான் எண்டு நான் நினைக்கிறேன்.

முதலில் எந்தச் சத்தத்தைப் பற்றிக் கதைக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் இதை ஜாங்கிள் என்பார்கள். சாவிக்கொத்தைக் குலுக்கினால் வருகிற சத்தத்துக்கும் அதே சொல்தான். தமிழில் எனக்குக் கிட்டடியாகப் படுகிற சொல் கிண்கிணி. குழந்தையின் காலில் கட்டுகிற சின்னச் சதங்கை. ஒரு மணி இல்லை, பல மணி. ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒலிக்கும், ஆனாலும் ஒன்று மற்றதை மூடாது.

கிற்றாரில் இந்தச் சத்தம் பரவலாகப் பிரபலமானது 1964 இல். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் ரிக்கன்பேக்கர் கொம்பனியின் பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிற்றாரை வாசித்தார். ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தில் அதைப் பார்த்த அமெரிக்கர் ரோஜர் மெக்குவின் தானும் ஒன்றை வாங்கினார். அடுத்த வருடம் அவருடைய பேர்ட்ஸ் குழு வெளியிட்ட ‘மிஸ்டர் டம்பரின் மேன்’ பாட்டில் அந்தக் கிற்றார்தான் முன்னுக்கு நிற்கும். 1980களில் இதைத் திரும்பக் கையில் எடுத்தவர்கள் பெரிய நட்சத்திரங்கள் இல்லை. ஜோர்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஒரு பல்கலைக்கழக ஊரில் தொடங்கிய ஆர்.ஈ.எம். குழு, 1983 இல் ‘மேர்மர்’ என்ற முதல் முழு அல்பத்தை வெளியிட்டது. இங்கிலாந்தில், ஆலைகள் மூடிக்கொண்டிருந்த மன்செஸ்டர் நகரத்தில், 1982 இலிருந்து 1987 வரை இருந்த த ஸ்மித்ஸ் குழுவில் ஜொனி மார் என்ற இளைஞர் வாசித்தார். அவர் வாசித்ததில் கத்தல் கிடையாது. பாடகரின் சொல்லுக்குப் பின்னால் கம்பிகள் ஓடிக்கொண்டே இருக்கும், சொல்லையும் மூடாது. ஓல்டர்நேட்டிவ் ரொக் எண்டு பிறகு பேர் வந்ததன் ஒரு வேர் இது.

“உதெல்லாம் வெள்ளைக்காரற்ர சத்தம், எங்களுக்கு என்னத்துக்கு?” எண்டு ஒரு நண்பன் கேட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி ஒலிக்கவிடுவதை ஆர்பெஜியோ என்பார்கள். ஆர்ப்பா என்ற இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது அது. ஆர்ப்பா என்றால் யாழ் வகை. பழைய யாழில் பிரெற் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான், எல்லாம் திறந்த நரம்பு. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்த யாழைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ந்து, 1947 இல் ‘யாழ் நூல்’ என்று ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். யாழ் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் தம்புரா இருக்கிறது. தம்புராவின் குதிரையில் கம்பிக்குக் கீழே ஒரு பருத்தி நூலைச் செருகி, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, சரியான இடம் வரும்போது கம்பி திடீரென மினுங்கும். அந்த நூலுக்கு ஜீவா எண்டு பேர். ஒரு சுரத்துக்குள் ஒளிந்திருக்கிற மேல் சுரங்களை வெளியில் கொண்டுவருகிற வேலை அது. ஜாங்கிள் கிற்றார்காரர் தேடுவதும் அதைத்தான்.

இந்த நாட்டிலும் அந்தச் சத்தம் இருந்தது. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு எலெக்ட்ரிக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். அந்தக் காலத்தை ஒட்டித்தான் தமிழில் பொப் இசை வந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் இன்றைக்கும் எங்கட கலியாண வீடுகளில் போகுது. அந்தப் பழைய பதிவுகளை ஒருக்கால் ஹெட்போன் போட்டுக் கேளுங்கோ. கிற்றார் கரகரக்காது. பைலாத் தாளத்தில் துள்ளிக்கொண்டு நிற்கும். பாடுகிறவரின் ஒரு சொல்லும் தவறாது. சினிமாப் பக்கம் போனால், 1982 இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டு. அதில் வருவது எலெக்ட்ரிக் இல்லை, அகூஸ்டிக். ஆனால் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிற்றாரில் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டதால்தான், கிற்றாரையே தொட்டுப் பார்க்காத எங்கட மாமாமாரும் அதை வாயால் வாசிப்பினம்.

ஆகவே காதில் பிழை இல்லை. மேடைக்கு வரும்போதுதான் எங்கேயோ பிழைக்கிறது. எங்கே?

என்னுடைய அனுபவத்தில் இருந்து சொல்லுகிறேன். 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிற்பாட்டினார்களே, அந்த நாட்களில்தான் நான் எலெக்ட்ரிக் கிற்றார் பழகினேன். ஸ்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் செய்த ஒரு பழைய சீனக் கொப்பி. அம்ப் போட வழியில்லை. வெறும் கிற்றாரைக் காதோடு ஒட்டி வைத்து வாசித்தேன். ஒரு கிழமையில் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. நான் கோர்ட் பிடிக்கும்போது ஆறில் மூன்று கம்பிதான் உண்மையில் ஒலிக்குது. மற்றதெல்லாம் என்னுடைய விரலே அமத்திக்கொண்டு இருக்கு. அதுவரைக்கும் நண்பனின் டிஸ்டோர்ஷன் பெடலில் வாசித்தபோது எனக்கு இது தெரியவே இல்லை.

காரணம் லேசானது. அம்ப் ஒரு அலையைப் பெருப்பிக்கும். அதன் கொள்ளளவுக்கு மேலே போனால் அலையின் உச்சியை வெட்டிவிடும். வெட்டின இடத்தில் புதுச் சுரங்கள் முளைக்கும். மெதுவாகத் தட்டினதும் பலமாகத் தட்டினதும் ஒரே அளவாகிவிடும். அதுதான் டிஸ்டோர்ஷன். அதற்குள் தனி அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிழையை மூடும். கிளீன் சத்தம் எதையும் மூடாது. அதனால்தான் அதுக்கு எல்லாரும் பயம்.

சரி, செய்கிற வழிக்கு வருவோம். காசு குறைந்ததில் இருந்து தொடங்குகிறேன்.

முதலாவது கம்பி. புதுக் கம்பிக்குத்தான் மினுக்கம் இருக்கும். எங்கட வெயிலும் வியர்வையும் கம்பியை வேகமாகத் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடிந்தவுடன் ஒரு பழைய பருத்திச் சீலையால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிட்டால் கனநாள் நிற்கும். ஒன்றரை வருசமாக மாத்தாத கம்பியில் ஜாங்கிள் தேடுவது, பழைய சதங்கையில் மணியைக் கழட்டிப்போட்டு ஆடுவது மாதிரி.

இரண்டாவது கை. விரல் நுனியை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும், பக்கத்துக் கம்பியில் படக்கூடாது. மெல்லிய பிக் நல்லது. கிற்றாரின் பாலத்துப் பக்கம் கொஞ்சம் கிட்டத் தட்டினால் சத்தம் பளிச்சிடும். கோர்ட்டை ஒரேயடியாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துத் தட்டவேண்டும். ஒரு சின்னப் பயிற்சி சொல்லுகிறேன். ஈ மேஜர் கோர்ட்டைப் பிடியுங்கோ. அதே விரல் வடிவத்தை அப்படியே ஐந்து பிரெற் மேலே தள்ளுங்கோ. அதிலிருந்து இன்னும் இரண்டு பிரெற் தள்ளுங்கோ. மேல் சுரக் கம்பி இரண்டையும் எல்லா இடத்திலும் திறந்தே விடுங்கோ. அடியில் கோர்ட் மாறும், மேலே அந்த இரண்டு கம்பியும் மாறாமல் மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்புரா பின்னுக்கு நிற்கிற மாதிரித்தான். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது கிற்றாரில் இருக்கிற சுவிச். எங்கட ஊரில் கிடைக்கிற கொப்பிகளில் பெரும்பாலும் மூன்று சிங்கிள் கொயில் பிக்கப், ஐந்து நிலைச் சுவிச். பாலத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து வேலை செய்கிற நிலைக்குத் தள்ளிப் பாருங்கோ. சத்தம் மெலியும், மினுங்கும். பல கிற்றார்களில் நடுப் பிக்கப் எதிர்ப்பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். அப்படியானதில் அந்த ‘ம்ம்ம்’ எண்ட இரைச்சலும் இந்த நிலையில் அடங்கிவிடும். அந்த இரைச்சல் எங்கட 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இருந்து பிக்கப் பிடிக்கிறது. கிற்றாரோடு கொஞ்சம் திரும்பி நின்றாலும் குறையும்.

நாலாவது அம்ப். “ரியூப் அம்ப் இல்லாமல் நல்ல ரோன் வராது” எண்டு யூரியூப்பில் சொல்லுவதை நம்பி மனம் உடையவேண்டாம். கிளீன் சத்தத்துக்கு உலகமே உதாரணம் காட்டுகிற அம்ப்களில் ஒன்று 1975 இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ். அது ரியூப் இல்லை, டிரான்சிஸ்டர். ஜொனி மாரும் அதைப் பாவித்தவர். அறை மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிற உங்கட சின்னப் பயிற்சி அம்பும் அதே குடும்பம்தான். கெயினைக் குறையுங்கோ, மாஸ்ரர் வொலியுமைக் கூட்டுங்கோ. பேஸைப் பாதிக்குக் கீழே இறக்குங்கோ, ட்ரெபிளைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வையுங்கோ. காசு சேர்ந்தால் முதல் வாங்கவேண்டியது கொம்பிரெசர் பெடல். மெல்லியதையும் பலமானதையும் கிட்டக் கொண்டுவந்து, கம்பியின் ஒலி சாகிறதைக் கொஞ்சம் பிந்த வைக்கும். பேர்ட்ஸின் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்த இரகசியமும் ஒலிப்பதிவுக் கூடத்துக் கொம்பிரெசர்தான். கோரஸ், றிவேர்ப் எல்லாம் அதுக்குப் பிறகு, கறிக்கு உப்புப் போடுகிற அளவில்.

ஐந்தாவதுதான் எங்கட மேடைகளின் உண்மையான வருத்தம். அண்ணையின் கிற்றார் ஏன் தகரமாகக் கேட்டது எண்டு பிறகு நாங்கள் இருந்து யோசித்தோம். எங்கட பக்கம் பல மேடைகளில் கிற்றாருக்கு அம்ப் வைப்பதில்லை. கிற்றார் வயரை நேரே மிக்ஸரில் குத்திவிடுவார்கள். கிற்றார் பிக்கப்பில் இருந்து வருகிற சமிக்ஞை மிகவும் பலவீனமானது. மிக்ஸரின் சாதாரண உள்ளீடு அதன் கழுத்தை நெரித்துவிடும். முதலில் செத்துப்போவது ட்ரெபிள். நீள வயர் என்றால் இன்னும் மோசம். மங்கிப்போன சத்தத்தைக் கேட்ட சவுண்ட்காரர் ட்ரெபிளைத் திருகுவார். மினுக்கம் திரும்பி வராது, சீறல்தான் வரும். அதை மறைக்க எக்கோ போடுவார். உள்ளீட்டைக் கூட்டுவார், சிவப்பு லைட் பத்தும், அலையின் தலை வெட்டுப்படும். நாங்கள் கேட்டது பெடல் போடாமலே வந்த டிஸ்டோர்ஷன்.

இதுக்கு மருந்து டி.ஐ. பொக்ஸ் என்கிற ஒரு சின்னப் பெட்டி. கிற்றாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் நின்று இரண்டுக்கும் ஒத்துப்போகிற மாதிரிச் சமிக்ஞையை மாத்திக்கொடுக்கும். அது இல்லையெண்டால் பொஸ் பெடல் ஏதாவது ஒன்றை நடுவில் போட்டாலும் காணும். அதன் உள்ளே இருக்கிற பபர் சுற்று, பெடல் நிற்பாட்டி இருக்கும்போதும் சமிக்ஞையைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு பெட்டி, ஒரு குட்டி வயர், கொஞ்ச நேரச் சவுண்ட் செக். இவ்வளவுதான் விசயம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜெனறேற்றரில் ஓடுகிற மேடைகளிலும் எர்த் இல்லாத வீடுகளிலும் கிற்றார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாயை வைத்தால் கரண்ட் அடிக்கலாம். இரைச்சல் குறையும் எண்டு நினைத்து எர்த் பின்னைக் கழட்டுகிற வேலையை ஒருநாளும் செய்யாதேங்கோ. நல்ல ரோனுக்காக ஆரும் சாகத் தேவையில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். மெற்றல் வாசிக்கிற என்னுடைய நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லுவது இது: “மச்சான், நாங்கள் வளர்ந்த இடத்துக்கு இந்தக் கிண்கிணி எல்லாம் பொய். எங்களுக்குள்ள கோபம் இருக்கு. அது கரகரத்துத்தான் வரும்.” இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். எங்கட வயதுக்காரருக்கு 2009 இல் ஆறேழு வயது. எங்களில் பலருக்கு முதல் ஞாபகமே சத்தம்தான். கிபிர் வருகிற சத்தம், ஷெல் கூவுகிற சத்தம். அந்த ஞாபகத்தில் இருந்து வருகிற ஒருவன் தன்னுடைய கிற்றாரைக் கத்தவிட்டால், அதைப் பிழை எண்டு சொல்ல நான் ஆர்? சென்னையில் தி எஃப்16ஸ் எண்டு ஒரு நல்ல ஓல்டர்நேட்டிவ் குழு இருக்கிறது, ஆங்கிலத்தில் பாடுவார்கள். நண்பர்களுக்கு அவர்களை அறிமுகப்படுத்தியபோது ஒருத்தி சொன்னாள்: “பேரைக் கேட்டாலே எங்கட ஆக்கள் பங்கருக்குள்ள ஓடுவினம்.” எல்லாரும் சிரித்தோம். ஆனால் சத்தம் எங்களுக்கு வெறும் சத்தம் இல்லை என்பது அந்தச் சிரிப்பிலும் இருந்தது.

ஆனால் அதே இடத்தில் இன்னொரு ஞாபகமும் இருக்கு. 90களில் பொருளாதாரத் தடை எண்டு பற்றறிகூட வன்னிக்குள் வர விடாத காலம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒராள் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துப் பாட்டும் பிபிசி தமிழோசையும் கேட்டதாக அப்பா சொல்லுவார். சுற்றுகிற ஆள் களைத்தால் பாட்டும் களைத்துப்போகும். அந்த றேடியோவில் பேஸ் கிடையாது, பொக்ஸ் கிடையாது, எக்கோ கிடையாது. மெல்லிய சின்னச் சத்தம். ஆனால் சுற்றவர இருந்த அத்தனை பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள், ஒரு சொல்லும் தவறவில்லை. வன்னிக்குக் கத்தல்தான் உண்மை எண்டு சொல்லுகிற நண்பனுக்கு என்னுடைய பதில் அந்தச் சைக்கிள்தான். நாங்கள் ஷெல் சத்தத்தின் பிள்ளைகள் மட்டும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர்களின் பிள்ளைகளும்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது தமிழோடு சம்பந்தப்பட்டது. எங்கட பாட்டில் சொல்தான் முதலாளி. பாட்டு நல்லமா இல்லையா எண்டு எங்கட ஆச்சிமார் வரியை வைத்துத்தான் சொல்லுவினம். சொல்லைத் தெளிவாக விளங்க வைக்கிற மெய்யெழுத்துகளின் கூர் 2000 இலிருந்து 4000 ஹேர்ட்ஸ் வரையான இடத்தில் நிறைய இருக்கும். டிஸ்டோர்ஷன் போட்ட கிற்றார் அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்துவிடும். எழும்பாது. கிளீன் கிற்றாரின் மினுக்கமும் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் இருக்கு, ஆனால் அது தட்டின உடனே வந்து பிறகு தேய்ந்துவிடும். இடையில் பாடுகிறவருக்கு வழி கிடைக்கும். நாளைக்கு எங்கட பெடியளும் பெட்டையளும் காணாமல் போனவர்களைப் பற்றி, காணியைப் பற்றி, காதலைப் பற்றி, கம்பஸ் பஸ்ஸைப் பற்றித் தங்கட பாட்டைத் தாங்களே எழுதிப் பாடினால், அந்தச் சொல் பின்வரிசைக்கும் விளங்கவேண்டாமா?

எங்கட பிரச்சினையின் அடி அங்கேதான் இருக்கிறது. சினிமாப் பாட்டை அச்சொட்டாகத் திரும்ப வாசிக்கும் வரைக்கும் கிற்றார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? பாட்டு ஏற்கனவே எல்லாருடைய தலைக்குள்ளும் இருக்கு, மேடை அதை ஞாபகப்படுத்தினால் காணும். புதுப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. கேட்டால்தான் உண்டு. நான் படித்த பாடசாலையில் கர்நாடக சங்கீதம் இருந்தது, மேலைத்தேய சங்கீதத்துக்கு ஆசிரியர் இல்லை. எனக்குத் தெரிந்த கிற்றார்காரரில் பாதிப்பேர் சேர்ச்சில் பழகினார்கள், மற்றப் பாதி யூரியூப்பில். இப்படித் தட்டுத்தடுமாறிப் பழகி மேடைக்கு வருகிற ஒருவரை நாங்கள் கேட்காமலே கை தட்டி அனுப்புகிறோம். கேட்காத கைதட்டில் ஒருவரும் வளரமாட்டார்.

அதனால் என்னுடைய கோரிக்கை சின்னது. இசைக்குழுக்காரர் நிகழ்ச்சிக்கு முதல் பத்து நிமிடம் கிற்றாருக்கு ஒதுக்குங்கோ. ஒரு இரவில் ஒரேயொரு பாட்டுக்கு ஓர்கனையும் ஒக்டபாட்டையும் இறக்கிவிட்டு, குரலும் கிற்றாரும் மட்டும் விடுங்கோ. சவுண்ட்கார அண்ணைமாருக்கு நான் பாடம் எடுக்கவில்லை. விடியவிடிய நின்று கஷ்டப்படுகிறவர்கள் அவர்கள். வயர் பெட்டிக்குள் ஒரு டி.ஐ. பொக்ஸை மட்டும் சேர்த்து வையுங்கோ. வாசிக்கிற பெடியள், பெடல் வாங்க முதல் கம்பி மாத்துங்கோ.

இதை நாங்கள் ஒருக்கால் செய்து பார்த்தோம். போன மாதம் ஒரு சின்ன மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் வீடு. அதே அண்ணை, அதே கிற்றார், புதுக் கம்பி, நடுவில் கடன் வாங்கின ஒரு பெடல். எக்கோவை முழுக்க நிற்பாட்டச் சொன்னோம். இரண்டாவது பாட்டில் அவர் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துத் தட்டத் தொடங்கினார். ஒரு இடத்தில் பிழை விட்டார். அதுவும் வடிவாகக் கேட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

சாப்பாட்டு நேரம் ஒரு அம்மா எங்களிடம் வந்து கேட்டா: “தம்பி, நடுவில ஒரு மணிச் சத்தம் வந்துகொண்டே இருந்ததே, அது எதில வந்தது?”

அண்ணை கிற்றாரைத் தூக்கிக் காட்டினார்.

“உதிலயோ?” எண்டா அம்மா. “உதில இப்பிடியும் வருமோ?”